பத்தாவது பரீட்சையே எழுத மாட்டேன், லேத் பட்டறைக்குப் போறேன்கிறான் பையன்

கேட்டவர்: தறிக்காரர் வீட்டம்மா

வணக்கங்க. சோமனூர் பக்கம் இருக்கறோம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டறார், நான் பனியன் கம்பெனில செக்கிங். பையன் கவர்மெண்ட் ஸ்கூல்ல பத்தாவது. அரையாண்டுல கணக்குல 29, இங்கிலீஷ்ல 31, மத்தது பாஸ். புஸ்தகத்தை எடுத்தா கொட்டாவி வந்துரும். ஆனா தறி நின்னுபோச்சுன்னா என்ன கோளாறுன்னு அவங்கப்பாவுக்கு முன்னால இவன் சொல்லுவான். பக்கத்து வீட்டு மோட்டார் பம்ப் வரைக்கும் கழட்டி மாட்டியிருக்கான்.

என் தம்பி சின்னவேடம்பட்டில ஒரு லேத் பட்டறைல சி.என்.சி. செட்டர், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம்ல தானா கடையற மிஷினைத் தயார் பண்ணிக் கொடுக்கறவன். ஒன்பதாவது ஃபெயில். இன்னைக்கு 28 ஆயிரம் சம்பளம், ஓவர்டைம் தனி. ஆயுத பூஜைக்கு இவனையும் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனான். அன்னைக்குப் பிடிச்சதுங்க வினை. "மாமா மாதிரி நானும் போறேன், மார்ச் பரீட்சை எழுதியும் ஃபெயில்தான் ஆவேன், எதுக்கு எழுதறது"ங்கறான்.

அவங்கப்பாவும் அவன் பக்கம். எதுத்த வீட்டுல பி.இ. முடிச்ச பையன் ரெண்டு வருஷமா 14 ஆயிரத்துக்கு வேலை பார்க்கறான், இன்னும் கல்விக் கடன் கட்டறான். அதைக் காட்டி "படிச்சவன் என்னத்தைக் கிழிச்சுட்டான்"னு கேக்கறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியலைங்க. நானே பிளஸ் டூ பாஸ். அதை வெச்சு நான் என்ன பண்ணீட்டேன், பீஸ்ல ஓட்டை இருக்குதா, தையல் விட்டிருக்குதான்னுதான பார்த்துட்டு இருக்கேன்.

"படிச்சாத்தான் நல்லா இருப்பான்"னு பொதுவா சொல்றதுக்கு எங்க சொந்தத்துலயே ஆள் இருக்குது. அந்த வேலைல இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க. இப்ப நிறுத்தினா பின்னால அவனுக்கு எங்கே இடிக்கும்? ஒண்ணும் இடிக்காதுன்னா அதையும் சொல்லுங்க, விட்டுர்றேன்.

பதில்: கோவைக்காரன்

அக்கா, கவலையே படாதீங்க. ஜி.டி.நாயுடு பள்ளிக்கூடத்துல என்ன படிச்சார்? பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் ஓட்ட ஆரம்பிச்ச மனுஷன், 1937ல மோட்டாரே செஞ்சு காட்டினார். காமராஜர் ஆறாவதைத் தாண்டலை, ஒன்பது வருஷம் முதலமைச்சர். திறமை இருந்தா போதும். பையனை அவன் இஷ்டத்துக்கு விடுங்க.

பதில்: ஆவாரம்பாளையம் லேத்

மேல எழுதின தம்பிக்கு: நாயுடு ஐயா பேரைச் சொல்லாம எங்க ஊர்ல இந்தப் பேச்சு முடியாது, சரி. ஆனா அவர் சம்பாதிச்சதை எதுல போட்டார்னும் சேர்த்துச் சொல்லோணும். 1945ல பாலிடெக்னிக் ஆரம்பிச்சார், இஞ்சினியரிங் காலேஜும் ஆரம்பிச்சார். நாலு வருஷப் படிப்பு தண்டம், ரெண்டு வருஷம் போதும்னு சண்டை போட்டார். படிப்பே வேண்டாம்னு சொல்லலை. காமராஜர் ஊரூரா பள்ளிக்கூடம் திறந்து மத்தியானச் சோறும் போட்டவர். இவங்க ரெண்டு பேரையும் படிப்புக்கு எதிர்ப்பக்கம் சாட்சிக்குக் கூப்பிடறது அவங்களுக்கே பிடிக்காது. (ஒன்பது வருஷம்னு சொன்னீங்களே, 1954ல இருந்து 63 வரைக்கும், அது சரி.)

இப்ப அக்காவுக்கு. நான் ஏழாவதுங்க. 1984ல அன்னூர்ல இருந்து கோயமுத்தூர் வந்து பட்டறைல சேர்ந்தேன். இன்னைக்கு சொந்தமா நாலு சி.என்.சி., ரெண்டு பழைய லேத். பம்ப்செட் ஷாஃப்ட், புஷ், ஃபிளாஞ்ச், எல்லாம் ஜாப் ஒர்க். அதனால "படிக்காதவன் உருப்பட மாட்டான்"னு நான் சொன்னா என் வாய்க்கே பொருந்தாது.

ஆனா உங்க தம்பி கத்துக்கிட்ட பட்டறையும், பையன் இப்பப் போகப் போற பட்டறையும் ஒண்ணு இல்லைங்க. இதைத்தான் உங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்லோணும்.

நாங்க சேர்ந்த காலத்துல பட்டறையே பள்ளிக்கூடம். மொதல்ல கூட்டிப் பெருக்கி, பர்ருன்னு சொல்ற இரும்புச் சீவலை அள்ளிக் கொட்டோணும். அப்புறம் டீ வாங்கோணும். அப்புறம் பவர் ஹாக்ஸால ராடு அறுக்கறது. அடுத்து இரும்பைச் சீவற டூல் பிட்டை கிரைண்டர்ல தீட்டிப் பிடிக்கறது. கோணம் தப்பாப் பிடிச்சா மேஸ்திரி பிடுங்கிக் குப்பைல போட்டுருவார், மறுபடி பிடிக்கோணும். அதுக்குப் பின்னாலதான் லேத்ல ஃபேசிங், பிளெய்ன் டர்னிங், டிரில், த்ரெட்டு. சத்தத்தை வெச்சே டூல் மழுங்கிருச்சா, ஜாப்பை (கடையற பீஸை) கவ்விப் பிடிக்கற சக்குல அது லூசா இருக்குதான்னு தெரிஞ்சுரும். பர் நீலமா வருதா வெள்ளையா வருதான்னு பார்த்து வேகத்தைக் குறைப்போம். ஒவ்வொரு படியும் கையில ஏறினாத்தான் அடுத்த படி. வருஷக் கணக்குல ஆகும். உங்க தம்பியும் பழைய லேத்ல இருந்துதான் சி.என்.சி.க்கு வந்திருப்பார், கேட்டுப் பாருங்க.

இப்ப 18 வயசுப் பையன் ஒருத்தன் புதுசா வந்தா என்ன நடக்குதுன்னு நானே சொல்றேன், என் பட்டறைலயும் அதேதான். சி.என்.சி. முன்னால நிறுத்துவோம். கதவைத் திற, ஜாப்பை சக்குல வை, பெடலை மிதி, கதவைச் சாத்து, பச்சைப் பட்டன். மிஷினே கடையும். கதவைத் திற, எடு, ஏர் அடி, கேஜ் போட்டுப் பாரு, டிரேல வை. ஷிப்டுக்கு 300 பீஸ். மூணே நாள்ல கத்துக்கலாம். அதுக்கு மேல அங்க கத்துக்கறதுக்கு ஒண்ணும் இல்லைங்க. ரெண்டு வருஷம் கழிச்சும் அதே பட்டன். செட்டர் வந்து டூல் மாத்துவான், ஆஃப்செட்னு டூலோட அளவைத் திருத்திப் போடுவான், புரோகிராம் எடிட் பண்ணுவான். பக்கத்துல நின்னு பார்க்கலாம்னா அந்த நேரம் அடுத்த மிஷின் சும்மா நிக்கும், சூப்பர்வைசர் விடமாட்டான். நானே விடமாட்டேன், டெலிவரி போகோணுமே.

பட்டன் தட்டறதுல இருந்து செட்டர் ஆகறதுக்கு நடுவுல முன்ன ஏணி இருந்துச்சு. அதை மிஷின் எடுத்துருச்சு. இப்ப அந்த ஏணி ஐ.டி.ஐ.லயும் பாலிடெக்னிக்லயும்தான் இருக்குது.

ஒரு சின்ன விஷயம் சொல்றேன், பையனுக்கும் காட்டுங்க. டேப்பர் கடையறதுன்னு ஒண்ணு, ஒரு பக்கம் தடிமனா மறுபக்கம் மெலிசா வரோணும். பெரிய பக்கம் 40 மில்லி, சின்னப் பக்கம் 30, நீளம் 50. லேத்ல டூலைத் தாங்கி நகர்த்தற காம்பவுண்ட் ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்பறது? நாங்க என்ன பண்ணுவோம், குத்துமதிப்பா அஞ்சு டிகிரி திருப்பி ஒரு கட் ஓட்டுவோம், ப்ளூன்னு நீல மை தடவி மேட்சிங் பீஸை மாட்டித் திருகிப் பார்ப்போம். எங்கே ஒட்டுது எங்கே ஒட்டலைன்னு பார்த்து ஒரு மயிரிழை தட்டுவோம், மறுபடி கட். அரை ஷிப்டு போயிரும், ரெண்டு பீஸ் ஸ்கிராப்.

ஐ.டி.ஐ. டர்னர் முடிச்ச பையன் ஒருத்தன் என்கிட்ட சேர்ந்தான். இதே மாதிரி ஜாப். 40ல 30 போனா 10, அதை நீளத்தோட ரெண்டு மடங்கு 100ஆல வகுத்தா 0.1. அதுக்கு டேன் இன்வர்ஸ் போட்டான், போன்லயே. 5 டிகிரி 43 நிமிஷம். திருப்பினான், ஓட்டினான், முடிஞ்சுது. அந்த டேன் பத்தாவது கணக்குப் புஸ்தகத்துல முக்கோணவியல்னு இருக்கறதேதான். உங்க பையன் கொட்டாவி விடற அதே பாடம்.

இன்னொண்ணு டிராயிங். 6205 பேரிங் உட்கார்ற இடம், ஷாஃப்ட் 25 மில்லி. டிராயிங்ல 25 கே6னு மட்டும்தான் போட்டிருப்பான். அதுக்கு அர்த்தம் 25க்கு மேல 2 மைக்ரான்ல இருந்து 15 மைக்ரானுக்குள்ள வரோணும், ஒரு மைக்ரான்னா மில்லில ஆயிரத்துல ஒரு பங்கு. அன்னைக்கு பேரிங்கைக் கையில பிடிச்சு, மரச்சுத்தியால தட்டி ஏத்தி, "ம், இறுக்கம் சரி"ன்னு அனுப்புவோம். இன்னைக்கு அனுப்பினா பெரிய கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன்ல மொத்த லாட்டும் திரும்பி வரும். கையோட உணர்ச்சிக்கு மரியாதை இருக்குது, ஆனா ரிப்போர்ட்ல அதை எழுத முடியாது.

அப்பறம் கடன். என் தம்பி ஆறாவது. தனியா யூனிட் போடலாம்னு பி.எம்.இ.ஜி.பி. மானியக் கடனுக்குப் போனோம். உற்பத்தித் தொழிலுக்கு 10 லட்சத்துக்கு மேல புராஜெக்ட்டுன்னா குறைஞ்சது எட்டாவது பாஸ் கேக்கறாங்க. மிஷின் மட்டுமே 16 லட்சம். இருபது வருஷம் லேத் ஓட்டினவன், பேங்க் வாசல்ல எட்டாவது சர்ட்டிபிகேட் இல்லாம நின்னான். அப்பறம் தனித்தேர்வரா எட்டாவது பரீட்சை எழுதினான். ஹால்ல பக்கத்துல உட்கார்ந்த பையன் "சாரு, சூப்பர்வைசரா?"ன்னு கேட்டானாம். எங்க வீட்டுல இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

அதுக்காக பி.இ.யைத் தூக்கி வெச்சுக் கொண்டாடறேன்னு நினைக்காதீங்க. போன வருஷம் பி.இ. மெக்கானிக்கல் ஒருத்தன் வந்தான், மைக்ரோமீட்டரை ஜி-கிளாம்ப் மாதிரி முறுக்கறான். அளவுக்கு மேல இறுகாம இருக்க ராட்செட்டுன்னு பின்னால ஒண்ணு இருக்குதுன்னே தெரியலை. நாலு வருஷத்துல ஒருத்தர் கூடவா சொல்லலை? உங்க எதுத்த வீட்டுப் பையனை வெச்சு வீட்டுக்காரர் கேக்கற கேள்வி நியாயமானதுதான். அவன் படிச்ச படிப்புல கை இல்லை.

பத்தாவது எழுதச் சொல்லுங்க. ஐ.டி.ஐ.ல டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர் எல்லாத்துக்கும் பத்தாவது பாஸ் வேணும். வெல்டர், வயர்மேன் மாதிரி சிலதுக்குத்தான் எட்டாவது போதும். டர்னருக்குப் போடுங்க.

பதில்: ஜுபைல் வெல்டர்

லேத் அண்ணன் சொல்லாத ஒண்ணை நான் சொல்றேன். பாஸ்போர்ட்.

நான் எட்டாவது. ஊர் பட்டுக்கோட்டை பக்கம், சவுதியில வெல்டர். பத்தாவது பாஸ் இல்லாதவனுக்கு பாஸ்போர்ட்டுல ஈ.சி.ஆர். விழும். அப்படின்னா சவுதி, துபாய், கத்தார், குவைத், ஓமன், மலேசியான்னு 18 நாட்டுக்கு வேலைக்குப் போறதுன்னா குடியேற்ற அனுமதி வாங்கணும், அதுக்கு சென்னையில ஆபீஸ் இருக்கு. பத்தாவது சர்ட்டிபிகேட்டைக் காட்டினவனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. டிகிரி கிகிரி எல்லாம் வேணாம், பத்தாவது பாஸ் போதும்.

அந்த அனுமதி நம்ம பாதுகாப்புக்குத்தான் வச்சிருக்காங்க, ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் பார்த்துத்தான் விடுவாங்க. அதைக் குறை சொல்லலை. ஆனா அந்த நடைமுறைக்கு நாள் ஆகும்னு சொல்லி ஏஜென்ட் என்ன பண்ணுவான்னா, "டூரிஸ்ட் விசாவுல போயிடு, அங்க போய் மாத்திக்கலாம்"பான். என் கூடப் புறப்பட்ட ஒருத்தன் அப்படிப் போயி, மாத்தவும் முடியாம, சம்பளமும் இல்லாம, ஆறு மாசம் ஒளிஞ்சு கிடந்து ஊர் திரும்பினான். அவன் என்னை விட நல்ல வெல்டர். பைப்புல அவன் போடுற ரூட் பாஸை, அதாவது அடியில போடுற முதல் வெல்டைப் பார்த்துத்தான் நான் கத்துக்கிட்டேன்.

நான் மூணு வருஷம் வெளிநாட்டுல இருந்ததைக் காட்டித்தான் அந்த ஈ.சி.ஆரை எடுத்தேன். அதுவரைக்கும் கம்பெனி மாறணும்னாலும் யோசனைதான்.

பையனுக்கு இப்ப வெளிநாடு போற நினைப்பே இருக்காது. எனக்கும் பதினஞ்சு வயசுல இல்லை.

பதில்: கணக்கு டீச்சர்

29 எடுத்தவன் 35 எடுக்கறதுக்கு வழி சொல்றேன் அம்மா, இதை மட்டும் செய்ங்க. கணக்குத் தாள்ல கடைசிப் பகுதி ரெண்டு கேள்வி, வடிவியல் வரையறது 8 மார்க், வரைபடம் 8 மார்க். மொத்தம் 16. ரெண்டுலயும் "அல்லது" உண்டு. வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, இருபடிச் சமன்பாட்டு வரைபடம், இதுகளை மட்டும் தினம் ஒண்ணு வரையச் சொல்லுங்க. ஒரு மார்க் கேள்வி 14, பெரும்பாலும் புத்தகப் பயிற்சியில இருந்துதான் வரும். இந்த ரெண்டுலயே 25க்குக் குறையாது. மீதிக்கு ரெண்டு மார்க் கேள்வி அஞ்சாறு.

தறியையும் மோட்டாரையும் கழட்டி மாட்டற பையனுக்கு வரையறது வரும். என் வகுப்புல இப்படிப்பட்ட பசங்கதான் வடிவியல்ல முதல்ல வந்து நோட்டைக் காட்டுவாங்க. அவங்களுக்கு எழுத்துதான் தகராறு. காம்பஸ் கொடுத்தா உட்கார்ந்துருவாங்க.

மார்ச்ல தவறினாலும் துணைத் தேர்வு அதே வருஷம் நடக்கும், தவறின பாடத்தை மட்டும் எழுதினா போதும். இங்கிலீஷுக்கு உங்க பள்ளி ஆசிரியர்கிட்டயே கேளுங்க, மெல்லக் கற்பவர்களுக்குன்னு குறைஞ்சபட்சப் பாடக் குறிப்பு வச்சிருப்பாங்க.

பதில்: கேட்டவர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ராத்திரி வீட்டுக்காரருக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். பாஸ்போர்ட் சமாச்சாரம் வந்தப்ப எந்திரிச்சு உட்கார்ந்தார், அவர் சித்தப்பா பையன் மலேசியா போயிப் பட்ட பாடு ஞாபகம் வந்துருச்சு. பரீட்சை எழுதட்டும்னு ஒத்துக்கிட்டார்.

ஆனா ஐ.டி.ஐ.ன்னதும், "ரெண்டு வருஷம் வருமானம் இல்லாம, அதுக்கு ஃபீசும் கட்டி, அப்பறம் அதே பட்டறைக்குத்தான போகப் போறான்"ங்கறார். லேத் அண்ணா, இதுக்கு என்ன சொல்றது? பையனோ உங்க டேப்பர் கணக்கை எடுத்துட்டுப் போயி மாமாகிட்ட போன்ல கேட்டுட்டு இருக்கான். மாமா தட்டுத் தடுமாறினார் போல, அதுல இவனுக்கு ஒரே சந்தோஷம்.

பதில்: ஆவாரம்பாளையம் லேத்

ஃபீசெல்லாம் இல்லைங்க, கவர்மெண்ட் ஐ.டி.ஐ.ல படிப்பு இலவசம். மாசம் 750 உதவித்தொகை, சைக்கிள், யூனிபார்ம், ஷூ, பஸ் பாஸ் தர்றாங்க. கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பையன்னா தமிழ்ப் புதல்வன்ல மாசம் 1000 தனி. சம்பளத்துக்கு ஈடாகாதுதான், ஆனா கைக்காசு போகாது. எங்களுக்கு மேட்டுப்பாளையம் ரோட்டுல கவர்மெண்ட் ஐ.டி.ஐ. இருக்குது. டாட்டா டெக்னாலஜிஸோட சேர்ந்து தமிழ்நாட்டுல 71 ஐ.டி.ஐ.க்குப் புது மிஷின் இறக்கியிருக்காங்க. சேரும்போது எந்த ஐ.டி.ஐ.ல என்ன மிஷின் ஓடுதுன்னு நேர்ல போய்ப் பார்த்துட்டுச் சேருங்க. மிஷினுக்கு உறை போட்டு மூடி வெச்சிருந்தா வேற ஐ.டி.ஐ. பாருங்க.

வீட்டுக்காரர் சொல்ற ரெண்டு வருஷக் கணக்குல ஒரு தப்பு இருக்குது. பையனுக்கு இப்ப 15. 18 முடியாத பையனை ஒழுங்கான பட்டறை எதுவும் மிஷின்ல நிறுத்தாது. எங்களுக்கு ஆர்டர் கொடுக்கற கம்பெனில இருந்து ஆடிட் வந்தா மொதல்ல கேக்கறதே ஆளுங்க ஆதார்ல வயசு என்னன்னுதான். அதையும் மீறி எவனாவது சேர்த்துக்கறான்னா அந்தப் பட்டறைக்கு அனுப்பாதீங்க. சக்குல சட்டைக் கை மாட்டினா என்ன ஆகும்னு நான் பார்த்திருக்கேன், இங்க எழுத மாட்டேன். ஆக பத்தாவது முடிச்சு, ரெண்டு வருஷ டர்னர் முடிச்சு வெளிய வர்றப்பதான் அவனுக்கு 18. அந்த ரெண்டு வருஷத்துல அவன் சம்பாதிச்சிருக்க முடியாது, இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லை.

அதுக்கப்பறம் அப்ரண்டிஸ் போகலாம், ஸ்டைபண்ட் உண்டு. படிக்கோணும்னு தோணினா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம். தோணலைன்னா விட்டுருங்க, கட்டாயப்படுத்தாதீங்க. என்கிட்ட இருக்கற அந்த டேன் போட்ட பையன் டிப்ளமோ வேண்டாம்னுட்டான். இப்ப செட்டர். புரோகிராமும் அவனே எழுதறான், ஜி71ங்கற புரோகிராம் கட்டளைல ரஃபிங் (முதல்ல மொத்தமாச் சீவறது) போட்டு ஒரு ஷாஃப்ட்டுக்கு 40 செகண்டு குறைச்சான். அதுக்குத் தனியா சம்பளம் ஏத்தினேன், வாய் விட்டுக் கேட்டான், கொடுத்தேன்.

குறுக்கு வழின்னு ஒருத்தன் வந்து சொல்லுவான்: பத்தாவது, பன்னண்டாவது எதுவும் வேண்டாம், நேரா திறந்தநிலைல டிகிரி வாங்கித் தர்றேன்னு. அதை நம்பிப் பணம் கட்டாதீங்க. அப்படி வாங்கின டிகிரி அரசு வேலைக்குச் செல்லாதுன்னு அரசாணையே இருக்குது.

பையனை இந்தச் சனிக்கிழமை மத்தியானம் கூட்டிட்டு வாங்க, ஞாயிறு பட்டறை லீவு. ஒரு பழைய லேத்தை நிறுத்தி வெச்சு காம்பவுண்ட் ஸ்லைடைக் காட்டறேன், 5 டிகிரி 43 நிமிஷத்தை அவனே திருப்பட்டும். மிஷினை ஓட்ட விடமாட்டேன், அதை இப்பவே சொல்லிக் கூட்டிட்டு வாங்க. ஷூ போட்டுட்டு வரோணும், செருப்புக்கு உள்ள அனுமதி இல்லை. வீட்டுக்காரரும் வந்தார்னா நல்லது, தறிக்கு ஒரு புஷ் தேஞ்சிருக்குதுன்னா கையோட எடுத்துட்டு வரச் சொல்லுங்க, கடைஞ்சு கொடுத்துர்றேன்.